முதலில் மூச்சு, பிறகு நஞ்சு

ராஜபாளையம் நகரை ஒட்டிச் சஞ்சீவி மலை என்றொரு குன்று இருக்கிறது. இலட்சுமணனின் உயிரைக் காப்பதற்காக அனுமன் வான்வழியே தூக்கிச் சென்ற மலையிலிருந்து உதிர்ந்த துண்டே இது என்று ஊர்மக்கள் சொல்லுவர். கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் அதில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. எது அந்த மூலிகை என்று அனுமனுக்கு அடையாளம் தெரியவில்லை. செடி செடியாக ஆராய்ந்துகொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். ஆகவே மலையையே பெயர்த்து எடுத்து வந்துவிட்டான்!

நோய் இன்னதென்று தெளிந்த பிறகே மருந்து கொடுப்பது மருத்துவத்தின் பொது வழக்கம். உயிர் ஊசலாடும் வேளையில் அந்த வழக்கம் உதவாது. முழுவதும் தெரியாத நிலையிலேயே எதை முதலில் செய்வது, எதை இரண்டாவதாகச் செய்வது என்று வரிசைப்படுத்திக் கொடுக்கும் துறைதான் அவசர மருத்துவம். இந்தியாவில் 2009-ஆம் ஆண்டில்தான் இது தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது. அந்த வரிசை ஏன் அப்படி அமைந்தது என்பதைப் பாம்புக்கடியைக் கொண்டு பார்ப்போம்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவு. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் அடிவாரத்தில் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும். கிழக்கே கண்மாய்ப் பாசன வயல்கள். செண்பகத்தோப்புக் காட்டில் பாம்புகள் உண்டுதான். ஆனால் மனிதரைக் கடிப்பவை பெரும்பாலும் காட்டில் இருப்பவை அல்ல. எலி எங்கே உண்டோ அங்கே பாம்பு உண்டு. வரப்பு, வைக்கோற்போர், தேங்காய் மட்டைக் குவியல், வீட்டுத் திண்ணை ஆகியவையே கடி நிகழும் இடங்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குமே நம் நாட்டில் மிகுதியான சாவுக்குக் காரணமானவை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது.

மருத்துவமனைக்கு முன்னால்

இரவில் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன ஒருவரைக் காலில் பாம்பு கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடன் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

கடித்த இடத்தைக் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சவும் கூடாது. கயிற்றால் இறுக்கிக் கட்டுவது நெடுநாளைய பழக்கம். அதனால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் அழுகிப்போக நேரலாம். அவிழ்த்தவுடன், தேங்கியிருந்த நஞ்சு ஒரேயடியாக உடலுக்குள் பாய்வதும் உண்டு. ஆகவே கட்டக் கூடாது. யாரேனும் முன்பே கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காமல், மருத்துவரிடமே விட்டுவிட வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. எலும்பு முறிந்த காலை எப்படி அசையாமல் வைப்போமோ, அப்படிக் கடிபட்ட காலை ஒரு கம்போடு சேர்த்துத் தளர்வாகக் கட்ட வேண்டும். நஞ்சு பெரும்பாலும் நிணநீர்க் குழாய்கள் வழியே பரவுகிறது. தசை அசைய அசைய அது விரைந்து செல்லும். எனவே கடிபட்டவர் நடக்கக் கூடாது, ஓடவே கூடாது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யப்படும் மருத்துவப் பேண்டேஜ் துணி பல ஊர் மருத்துவமனைகளுக்குப் போகிறது. அந்தத் துணியின் வேலை இங்கே காலைத் தாங்குவதே தவிர, நெரிப்பது அன்று. பிறகு 108-ஐ அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த ஊர்தி 2008 முதல் ஓடுகிறது. இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன.

பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோகும் வீரம் வேண்டாம். தேடும் நேரம் வீண், தேடுபவரும் கடிபடுவார். மந்திரிப்பவரிடம் போவதும் நேர இழப்பே. மந்திரத்தால் பிழைத்தவர் பலர் இல்லையா என்று கேட்பீர்கள். கடிக்கும் பாம்புகளில் பல நஞ்சில்லாதவை. நஞ்சுள்ள பாம்பும் ஒவ்வொரு கடியிலும் நஞ்சைச் செலுத்துவதில்லை. அவர்கள் எப்படியும் பிழைத்திருப்பார்கள். பெயர் மந்திரத்துக்குப் போயிற்று!

இரவல் மூச்சு

மருத்துவமனையில் மருத்துவர் முதலில் “எந்தப் பாம்பு?” என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. காற்றுப் பாதை திறந்திருக்கிறதா, மூச்சு வருகிறதா, இரத்தம் ஓடுகிறதா என்று இந்த வரிசையிலேயே பார்க்கிறார். காரணம் எளிய கணக்கு. பிராணவாயு கிடைக்காவிட்டால் மூளை சில நிமிடங்களில் கெடத் தொடங்கும். கெட்டுப்போன இரத்தம் கொல்வதற்கு மணிக்கணக்கும், பழுதான சிறுநீரகம் கொல்வதற்கு நாட்கணக்கும் ஆகும். விரைவில் கொல்வதை முதலில் தடுக்க வேண்டும் அல்லவா?

நல்லபாம்பும் கட்டுவிரியனும் மூச்சைத் தாக்குபவை. நரம்பின் முனையிலிருந்து அசிடைல்கோலின் என்ற பொருள் சுரந்து, தசையிலுள்ள ஏற்பிகளில் சென்று பொருந்தினால்தான் தசை சுருங்கும். நல்லபாம்பின் நஞ்சு அந்த ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பூட்டில் வேறொரு சாவியைச் செருகி உடைத்துவிட்டது போல. கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு முனையையே சிதைக்கிறது. சாவி செய்பவனின் பட்டறையே போய்விடுகிறது. அதனால்தான் நியோஸ்டிக்மின் என்ற மருந்து நல்லபாம்புக் கடியில் நல்ல பயன் தருகிறது. கட்டுவிரியன் கடியில் பெரும்பாலும் பயன்படுவதில்லை. சிதைந்த நரம்பு முனை மீண்டும் வளரப் பல நாட்கள் ஆகும்.

முதலில் கண்ணிமை சரிகிறது. பிறகு விழுங்க முடிவதில்லை. இறுதியில் மூச்சுத் தசைகள் ஓய்கின்றன. மூச்சின் வலுவை அறிய மருத்துவர் ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்வார். நீங்களும் எண்ணிப் பாருங்கள். முப்பதை எளிதில் தாண்டுவீர்கள். நோயாளியின் எண்ணிக்கை நேரம் ஆக ஆகக் குறைந்தால் ஆபத்து நெருங்குகிறது என்று பொருள்.

கட்டுவிரியனிடம் இன்னொரு வஞ்சகமும் உண்டு. தரையில் உறங்குபவரை நடு இரவில் கடிக்கும், பற்கள் சிறியவை, வலி மிகக் குறைவு, கடித்த தடமும் தெரியாமற் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார். சாப்பாட்டின் கோளாறு என்று வீட்டார் நினைப்பர். இமையும் சரிந்தால் அது சாப்பாட்டின் கோளாறு அன்று. (கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் செருகிவிட்டு உறங்கினால் கொசுவோடு கட்டுவிரியனையும் தடுக்கலாம்.) முற்றிலும் செயலிழந்தவர் இறந்தவர் போலவே கிடப்பார், ஆனால் பேசுவது எல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டிருக்கும்.

இவரை எப்படிக் காப்பது? மூச்சை இரவல் கொடுக்கலாம். 1952-இல் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் போலியோ பரவி, ஏராளமானோர் மூச்சுத் தசை செயலிழந்து கிடந்தனர். பியோர்ன் இப்சன் என்ற மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தலாம் என்று காட்டினார். இயந்திரங்கள் போதவில்லை. ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் கையாலேயே பையை அழுத்தினார்கள். பலர் பிழைத்தனர்.

அதே பைதான் இன்று ஒவ்வொரு அவசர சிகிச்சைப் பிரிவிலும் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை சுமார் 75 கிலோமீட்டர். ஒரு நோயாளியை அங்கே கொண்டுசெல்ல ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். ஆறு வினாடிக்கு ஒரு தடவை அழுத்தினால் மொத்தம் 900 தடவை. 108 ஊர்தியில் உடன் செல்பவரின் கை அத்தனை தடவையும் தவறக் கூடாது.

கண்ணாடிக் குழாய் சொல்லும் செய்தி

மூச்சை உறுதிசெய்த பின் இரத்தத்துக்கு வருவோம். அதற்கான சோதனை, உங்கள் பள்ளிச் சோதனைச் சாலையில் உள்ளது போன்ற கண்ணாடிக் குழாயில் நடப்பது. நோயாளியின் இரத்தம் 2 மி.லி. எடுத்து, சுத்தமான, உலர்ந்த குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு மெல்லச் சாய்த்துப் பார்த்தால், நல்ல இரத்தம் கட்டியாக நிற்கும். நீராக ஓடினால் விரியனின் வேலை என்று கொள்ளலாம். பிளாஸ்டிக் குழாய் கூடாது. கண்ணாடியின் பரப்புத்தான் உறைதலைத் தூண்டிவிடுகிறது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயும் ஏமாற்றிவிடும்.

ஏன் உறையவில்லை? கண்ணாடிவிரியனின் நஞ்சு இரத்தத்தை உறையச் செய்வது என்றால் வியப்பாக இருக்கும். 1934-இல் மாக்ஃபார்லேன், பார்னெட் என்ற இரு ஆங்கிலேயர்கள் இந்த நஞ்சை நீர்த்துத் தடவி, இரத்தம் உறையாத பிறவி நோயுள்ளவர்களின் இரத்தக் கசிவை நிறுத்தினார்கள்! சத்திரப்பட்டித் தறியை மீண்டும் நினைத்துக்கொள்ளுங்கள். காயத்தை அடைக்கும் வலை ஃபைப்ரினோஜன் என்ற நூலால் நெய்யப்படுவது. நஞ்சு உடலெங்கும் தறிகளை வேண்டாத இடத்தில் ஓடவிட்டு, நூலை எல்லாம் துண்டு துண்டாக வீணாக்கிவிடுகிறது. பின்பு உண்மையான காயம் வரும்போது நெய்ய நூல் இல்லை. ஈறுகளிலும் சிறுநீரிலும் இரத்தம் கசிகிறது.

நஞ்சுமுறி மருந்து

இனித்தான் நஞ்சுமுறி மருந்து. பிரெஞ்சு அறிஞர் கால்மெட் 1890-களில் இதற்கு வழிகாட்டினார். ஒரு பாம்பின் நஞ்சுக்கான மருந்து மற்றொன்றின் நஞ்சுக்குச் செல்லாது என்பது பின்னர் தெரிந்தது. எனவே நம் நாட்டில் நான்கு பாம்புகளின் நஞ்சையும் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்தெடுக்கிறார்கள். கடித்தது நான்கில் எது என்று தெரியாவிட்டாலும் ஒரே மருந்து போதும். அனுமன் மலையோடு தூக்கி வந்த அதே உபாயம்! இதற்கான நஞ்சில் பெரும்பகுதி, 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திடமிருந்து வருகிறது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அச்சங்கம் உள்ளது.

எவ்வளவு மருந்து வேண்டும்? கண்ணாடிவிரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மி.கி. நஞ்சைச் செலுத்துவதாகக் கண்டிருக்கிறார்கள். 1 மி.லி. மருந்து 0.6 மி.கி. நஞ்சை முறிக்கும். ஒரு குப்பியில் 10 மி.லி. ஆகவே 10 குப்பிகள் 60 மி.கி. நஞ்சை முறிக்கும். தொடக்க அளவு 8 முதல் 10 குப்பிகள் என்று வைத்திருப்பதன் அடிப்படை இதுவே. குழந்தைக்கு எவ்வளவு? இதே அளவுதான். குழந்தை என்பதற்காகப் பாம்பு நஞ்சைக் குறைத்துக்கொள்வதில்லை. மருந்து முறிப்பது நஞ்சை.

மருந்து குதிரைப் புரதம் ஆதலால் சிலருக்கு உடல் திடீரென எதிர்த்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து, மூச்சு அடைக்கும். அட்ரினலின் ஊசியைக் கையருகே வைத்துக்கொண்டே இதை ஏற்றுவார்கள். நஞ்சேறிய அறிகுறி இல்லாதவருக்கு இதைக் கொடுக்காமல், ஒரு நாள் முழுவதும் கண்காணிப்பதும் இதனால்தான்.

இரத்தத்தில் திரியும் நஞ்சை மட்டுமே மருந்து பிடிக்கும். சிதைந்த நரம்பையும் தீர்ந்த நூலையும் அது திருப்பித் தராது. புது நூலைக் கல்லீரல்தான் செய்ய வேண்டும். அதற்குச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும். ஆகவே ஆறு மணி கழித்து மீண்டும் ஒரு கண்ணாடிக் குழாய், மீண்டும் 20 நிமிடம். அப்போதும் உறையாவிட்டால் மீண்டும் மருந்து.

பாம்புக்கடியை ஒவ்வொரு மருத்துவமனையும் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2024 நவம்பரில் ஆணையிட்டது. எந்த வட்டாரத்தில், எந்த மாதத்தில் கடி மிகுதி என்று தெரிந்தால் அங்கே மருந்துக் குப்பிகளை முன்கூட்டியே சேர்த்துவைக்கலாம். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் வாழும் குழிவிரியன்களின் நஞ்சு, குதிரைக்குச் செலுத்தப்படும் நான்கில் சேராதது. அவை கடித்தால் இந்த மருந்து பயன்படுவதில்லை. அப்போது மருத்துவர் மூச்சைக் காத்து, கண்ணாடிக் குழாயைப் பார்த்து, தேவையானால் இரத்தம் ஏற்றி, சிறுநீரகம் ஓய்ந்தால் அதன் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்து, உடல் தானே மீளும்வரை காத்திருக்கிறார்.