பழைய எக்காளமும் அதன் உறுப்புக்களும்

காற்றால் ஒலிக்கும் இசைக்கருவிகள் பல. அவற்றுள் பித்தளையால் ஆகி, ஊதுவோன் உதடுகளின் அதிர்வால் நாதம் பெறுவது டிரம்பெட் என்று மேனாட்டார் வழங்கும் எக்காளம். பல்லாண்டு ஊதப்பெற்றுப் பின்பு பேணுவாரின்றிக் கிடந்த எக்காளம் ஒன்று ஒருவர் கைக்குக் கிட்டுமாயின், அதனை மீண்டும் ஒலிக்கச் செய்தல் இயலுமோ? பெரும்பாலும் இயலும். ஆயின், அதன்கண் இல்லாத உறுப்புக்களைத் தேடிப் பொருத்த முற்படுவோர் முதற்கண் ஒரு வினாவுக்கு விடை காண வேண்டும். எவ்வுறுப்பை மாற்றினால் கருவி தன் குரலை மீளப் பெறும்? எவ்வுறுப்பை மாற்றினால் அது தன் குரலை இழந்து வேறொரு கருவியாகிவிடும்? இவ்வினாவையே இக்கட்டுரை ஆராயப் புகுகின்றது.

முதலில் கருவியின் அமைப்பைச் சிறிது அறிதல் நலம். இக்காலத்துப் பெருவழக்கான எக்காளத்தின் குழலை நேராக நீட்டின் அது ஏறத்தாழ 4½ அடி நீளம் இருக்கும். பண்டை எக்காளத்தில் குழலின் நீளத்திற்கு இயைந்த சில சுரங்களே எழும். இக்குறையை நீக்குதற்பொருட்டு ஸ்டோல்ட்ஸெல், ப்ளூமெல் என்னும் இருவர் வால்வு என்னும் அடைப்பானுக்கு 1818-ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டில் உரிமை பெற்றனர். 1839-ஆம் ஆண்டை ஒட்டிப் பாரிஸ் நகரத்துப் பெரினே என்பவர் அதனைத் திருத்தி அமைத்தார். இன்றுள்ள பிஸ்டன் வால்வுகள் அவர் காட்டிய வழியைச் சார்ந்தனவே. வால்வுகள் மூன்று. அழுத்தியவுடன் ஒவ்வொன்றும் காற்றை ஒரு கிளைக்குழல் வழியே சுற்றிவரச் செய்து, குழலின் நீளத்தை மிகுவிக்கும். அதனால் இரண்டாவது வால்வு அரைச் சுரமும், முதலாவது முழுச் சுரமும், மூன்றாவது ஒன்றரைச் சுரமும் ஒலியைத் தாழ்த்துகின்றன.

இனி, தேடும் முறையைக் காண்போம். உறுப்பைத் தேடுமுன் கருவி இன்னதென்று துணிதல் வேண்டும். அகன்ற மணிவாயின்மேல் செய்தோர் பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்கக் கருவிகளில் வரிசை எண் பெரும்பாலும் நடுவால்வின் உறைமீது காணப்படும். ஊர்ப்பெயரே காலத்தைக் காட்டுதலும் உண்டு. வின்சென்ட் பாக் என்பார் வியன்னாவை அடுத்த பாடன் நகரிற் பிறந்து, 1914-இல் அமெரிக்கா சென்று, 1918-இல் நியூயார்க்கில் ஊதுவாய்கள் செய்யத் தொடங்கியவர். பின்னர் எக்காளங்களும் செய்தார். அவர் தொழிற்சாலை 1953-இல் மவுண்ட் வெர்னான் நகருக்குச் சென்றது. 1961-இல் அது செல்மர் நிறுவனத்தார் கைக்கு மாறியது. பின்பு எல்க்கார்ட் நகருக்குப் பெயர்ந்தது. ஆகவே நியூயார்க் என்று பொறித்த பாக் கருவி பெரும்பாலும் 1953-க்கு முற்பட்டதெனக் கொள்ளலாம். அவ்வாறே, ஓல்ட்ஸ் என்னும் பெயருடைய கருவியில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்றிருப்பின் அது முற்பட்டது. ஃபுல்லர்ட்டன் என்றிருப்பின் 1950-களின் நடுவிற்குப் பிற்பட்டது.

இவ்விரண்டு பெயர்களும் மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றன. பாக் பெயரால் இன்றும் எக்காளங்கள் செய்யப்படுகின்றன. ஆதலின் அவற்றிற்குரிய சிற்றுறுப்புக்கள் பலவற்றைப் புதியனவாகவே பெறலாம். ஓல்ட்ஸ் தொழிற்சாலையோ 1979-இல் மூடப்பட்டுவிட்டது. அதன் கருவிக்கு உறுப்பு வேண்டுவோர் அதே இனத்துப் பிறிதொரு பழங்கருவியைத் தேட வேண்டியவராகின்றனர். மணிவாய் நசுங்கியோ, குழல் அரித்தோ ஊதத் தகுதியற்றுப்போன கருவி ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்குமாயின், அதன்கண் எஞ்சிய நல்ல உறுப்புக்கள் மற்றொன்றுக்கு உயிர் கொடுக்கும். அவ்வாறு வாங்குங்கால் செய்தோர் பெயர் ஒன்றாயிருத்தல் மட்டும் போதாது. வகையும் ஒன்றாய், வரிசை எண்ணும் அணித்தாய் இருத்தல் நன்று. ஒரே தொழிற்சாலையார் காலத்திற்குக் காலம் அளவுகளை மாற்றுதல் இயல்பு.

பிற கருவியினின்றும் எடுத்துப் பொருத்தத் தக்கன எவை? வால்வின் மேல்மூடி, கீழ்மூடி, விரல் வைக்கும் பொத்தான், உமிழ்நீரை வெளிவிடும் நீர்த்திறவு, விரல் வளையம், குழல்களை இணைக்கும் தாங்கிகள் முதலியனவாம். இவற்றுள் மூடியும் பொத்தானும் திருகுமரை உடையன. மரையின் நெருக்கமும் விட்டமும் செய்தோர்தோறும் வேறுபடும். கையால் மெல்லத் திருகும்போது எளிதிற் செல்லாத மூடியை வலிந்து திருகுதல் ஆகாது. திருகினால், மூடியின் மரையேயன்றி வால்வு உறையின் மரையும் அழியும். இழந்த மூடியைத் தேடிப் பெறலாம். அழிந்த உறையை எங்கே பெறுவது? ஒத்த மூடி எங்கும் அகப்படாவிடின், அளவெடுத்துக் கடைசல் பட்டறையிற் புதிதாகக் கடைந்துகொள்ளுதலே தக்கது.

மாற்றத் தகாத உறுப்பு பிஸ்டன். இதனை அறியாமையால் கெட்ட கருவிகள் பல. பிஸ்டனும் அதன் உறையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்படுவன. அவற்றிடையே உள்ள இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறிட்டால் அதில் ஒரு கூறு இரு கூறு அளவினதே. இவ்விடைவெளி சிறிது மிகினும் காற்றுக் கசியும்; குறையின் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். ஆதலால் ஒரே வகைக் கருவியாயினும், ஒன்றன் பிஸ்டன் மற்றொன்றின் உறைக்குப் பொருந்துதல் அரிது. ஒரே கருவியின் மூன்று பிஸ்டன்களும் தம்முள் இடம் மாறலாகாது. அதனாலன்றோ அவற்றில் 1, 2, 3 என்னும் எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

பிஸ்டன் தேய்ந்துளதோ என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வால்வை அழுத்தாமல் அதன் கிளைக்குழலை வெளியே இழுத்துப் பின்பு வால்வை அழுத்துக. ‘பொட்’ என்னும் ஒலி தெளிவாக எழுமாயின் காற்று அடைபட்டிருந்தது என்று அறியலாம். எழாவிடின் எங்கோ கசிவு உள்ளது. அக்கசிவு பிஸ்டனால் நேர்ந்ததாயின், வேறு பிஸ்டன் தேடுதலை விட, தேர்ந்த கம்மியரிடம் கொடுத்துப் பழைய பிஸ்டனின்மேல் நிக்கல் முலாம் ஏற்றி, அதன் உறைக்கேற்பத் தேய்த்துப் பொருத்துவித்தலே சிறந்தது. அதற்குச் செலவு மிகுதி எனினும் கருவி தன் உறுப்போடே வாழும்.

இதற்கு மாறாக, முற்றும் புதியனவாக இடவேண்டிய உறுப்புக்களும் உள. சுருள்வில், தக்கை, கம்பளி வட்டு ஆகியன காலத்தால் தளர்ந்து சுருங்குவன. இவை விலை குறைந்தனவாதலின் அளவு நோக்காது இடுவாரும் உளர். அது பெரும்பிழை. வால்வை அழுத்தும்போதும் விடும்போதும் பிஸ்டன் எவ்விடத்தில் நிற்கும் என்பதை இவ்வட்டுக்களின் கனமே வரையறுக்கின்றது. கனம் சிறிது மாறினும் பிஸ்டனின் துளை குழலின் துளைக்கு நேர் நில்லாது. காற்றின் வழியில் ஒரு படி உண்டாகி ஒலி மழுங்கும். சிறிய உறுப்பின் பிழை பெரிய கருவியின் குரலைக் கெடுக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நீட்டுகுழல் தொலைந்த கருவிக்கு வேறொரு தொல்லை உண்டு. 440 அதிர்வு என்னும் சுருதி அளவு 1939-இல் இலண்டன் மாநாட்டில் ஏற்கப்பட்டது. அதற்கு முன் நாடுதோறும் அளவு வேறுபட்டிருந்தது. பிரிட்டிஷ் பித்தளை வாத்தியக் குழுவினர் 1960-கள் வரையிலும் ஏறத்தாழ 452 அதிர்வுகொண்ட உயர்சுருதியிலேயே ஊதிவந்தனர். இவ்வேற்றுமை அரைச் சுரத்தில் ஏறக்குறையப் பாதி. ஆகவே, பழங்கருவிகள் சிலவற்றோடு நீண்டதும் குறுகியதுமாகிய இரு சுருதிக்குழல்கள் விற்கப்பட்டன. அவற்றுள் நீண்டது தொலைந்து குறுகியது மட்டும் எஞ்சியிருப்பின், கருவி இன்றைய பிற வாத்தியங்களோடு இணங்காது. அதனைக் கெட்ட கருவியென்று தள்ளுவோர் உளர். கெட்டது கருவியன்று, அதற்கு வேண்டுவது உரிய நீளமுள்ள ஒரு குழலே.

ஊதுவாயை அடுத்துள்ள முதற்குழல் எல்லாவற்றினும் முன்னர்க் கெடுவது. பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. உமிழ்நீரின் ஈரம் நாளடைவில் துத்தநாகத்தைக் கவர்ந்துவிட, எஞ்சிய செம்பு துளைபட்டுச் செந்நிறப் புள்ளிகளாகத் தோன்றும். இந்நோய் முற்றிய குழலை மாற்றியே தீர வேண்டும். ஆனால் இக்குழலின் உட்புறம் சீராக விரிந்து செல்வது. அவ்விரிவே சுரங்களின் தூய்மைக்குக் காரணம். வெளிவிட்டம் ஒத்திருத்தல் கண்டு எக்குழலையேனும் பொருத்தின், கருவி ஒலிக்கும். ஆயினும் அதன் பழங்குரல் ஒலியாது. பழைய குழலையும் எறிந்துவிடாது சீட்டெழுதிக் கட்டி வைத்தல் வேண்டும்; பிற்காலத்தார் அளவெடுத்தற்கு அஃதொன்றே மூலம்.

நிற்க, ஆர்வத்தால் விளையும் கேடுகளையும் கூறுதல் கடன். பளபளப்பை விரும்பிச் சக்கரத்தில் இட்டு மெருகேற்றுவோர் உலோகத்தையே தேய்க்கின்றனர். பொறித்த எழுத்துக்களும் அதனோடு மறையும். இறுகிய குழலைத் தீயிற் காட்டி இழுப்போர், ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே இளகத் தொடங்கும் என்பதை மறந்து, பிற இணைப்புக்களையும் கழற்றிவிடுகின்றனர். அன்றியும், எல்லா ஒடுக்கும் எடுக்கத் தக்கதன்று. டிஸ்ஸி கில்லெஸ்பி என்னும் அமெரிக்க வித்துவானின் எக்காளத்தின்மேல் 1953-இல் ஒருவர் விழ, அதன் மணிவாய் மேல்நோக்கி வளைந்தது. அதன் ஒலி அவருக்கு உவப்பாயிருந்தமையால் பின்னர் அவ்வடிவிலேயே கருவிகள் செய்வித்துக்கொண்டார். அக்கருவியை நேராக்குவது பழுது பார்த்தல் ஆகுமோ?

ஊதாது வைக்கத் தக்க கருவிகளும் உண்டு. 1922-இல் கண்டுபிடிக்கப்பட்ட எகிப்திய மன்னன் துட்டன்காமன் கல்லறையில் எக்காளங்கள் இரண்டு கிடைத்தன. அவை 1939-இல் வானொலிக்காக ஊதப்பட்டன. ஊதியவர் இக்கால ஊதுவாயைச் செருகி ஊதினார். உலகம் கேட்டது முழுதும் எகிப்தியக் குரலோ, பாதி இக்காலக் குரலோ என்பது ஆராயத்தக்கது. ஓர் உறுப்பு மாறியதால் எழுந்த ஐயம் இது.

ஆகவே, மாணவ நண்பர்களே, பழங்கருவியைச் செப்பனிடுவோர் கொள்ளவேண்டிய முறை இதுவாம். முதலிற் பெயரும் எண்ணும் காண்க. அடுத்து உள்ளதும் இல்லதும் பட்டியலிடுக. தளர்வனவற்றைப் புதியனவாக இடுக. திருகுவனவற்றை அதே இனத்திற் தேடுக. தேய்ந்தனவற்றை அவற்றின் இடத்திலேயே சீர்ப்படுத்துக. மீட்க இயலாதவற்றை மட்டும் மாற்றி, கழற்றியதைப் பேணுக. இம்முறையில் அடங்கியது கைத்திறன் மட்டுமன்று. கருவியைச் செய்தவன் கருத்தை அறிந்து, அதற்கு அடங்கி நடக்கும் பொறுமையும் இதன்கண் உள்ளது. அப்பொறுமை உடையார் கையில் பழைய எக்காளம் புதியதாகத் தோன்றாமற் போகலாம்; ஆனால் அது தன் குரலிலேயே பேசும்.