கழிமுகம் கற்பிக்கும் பாடம்

பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயிலப் புகுவோர் தொடக்கத்திலேயே கற்கும் பகுதிகள் இரண்டு. உயிரினங்கள் தலைமுறைதோறும் மாறிவந்த வரலாற்றைக் கூறுவது பரிணாமவியல். அவை ஒன்றோடொன்றும், நிலம், நீர், காற்று ஆகியவற்றோடும் கொண்டுள்ள உறவை ஆராய்வது சூழலியல். இவ்விரண்டையும் நேரில் கண்டு கற்பதற்கேற்ற இடம் சிதம்பரத்திற்கு அருகில் உள்ளது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றங்கரையில் அமைந்துள்ளது. அதற்குத் தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, பிச்சாவரம் அலையாத்திக் காடு ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் விளங்குகிறது. சிதம்பரத்திற்குத் தன் பெயரைத் தந்த தில்லை மரமும் இக்காட்டில் உண்டு.

இங்கு நீரில் உப்பு மிகுதி. சேற்றிலோ காற்று அரிது. வெண்கண்டல் மரம் எழுதுகோல் போன்ற மூச்சுவேர்களைச் சேற்றின் மேல் நீட்டுகிறது. மிகுந்த உப்பை இலைகளின் வழியே வெளியேற்றுகிறது. சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட பின்னரே கீழே விழுகிறது.

மரங்கள் தம் தேவையறிந்து இவ்வாறு மாறிக்கொண்டன என எண்ணுதல் பிழை. ஒரே மரத்தின் விதைகளிலும் சிறு வேறுபாடுகள் உண்டு. சேற்றையும் உப்பையும் தாங்க உதவும் வேறுபாடு உடையவை பிழைத்து வழித்தோன்றல்களைப் பெருக்கின; ஏனையவை அருகின. எண்ணற்ற தலைமுறைகளில் அவ்வேறுபாடுகள் திரண்டு இன்றைய வடிவைத் தந்தன. இதனையே ‘இயற்கைத் தேர்வு’ என்று சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

இம்மரங்கள் தனித்து வாழ்வன அல்ல. உதிர்ந்த இலைகளை நுண்ணுயிர்கள் மட்கச் செய்கின்றன. அம்மட்கு நண்டுக்கும் இறாலுக்கும் உணவாகிறது. அவற்றை மீனும், மீனை நாரையும் மனிதரும் உண்கின்றனர்.

எனினும் தாங்கும் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. பிச்சாவரத்தில் முன்னர் மரங்கள் வெட்டப்பட்ட இடங்களில் நிலம் தாழ்ந்தது. ஆங்குத் தேங்கிய கடல்நீர் வெயிலில் வற்றவே, மண்ணில் உப்பு அளவு கடந்தது. உப்பில் வாழும் மரங்களும் அங்கே தழைக்கவில்லை. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கால்வாய்கள் வெட்டி, அலைநீர் வந்து செல்ல வழிசெய்து, கன்றுகளை நட்டன. காடு மீண்டும் தளிர்த்தது.

சிதம்பரத்திலிருந்து வடக்கே கடலூரை நோக்கிச் செல்வோர் வழியில் சிப்காட் தொழிற்பேட்டையைக் காண்பர். வேதிப்பொருள்களும் மருந்துகளும் செய்யும் ஆலைகள் அங்கு உள்ளன. அருகே ஓடும் உப்பனாறும் கழிமுகத்தை உடையது. அதன் மீன்வளத்தை நம்பி வாழும் குடும்பங்கள் பல. ஆலைகள் தொழில் தருகின்றன. அதுவும் நாட்டிற்கு வேண்டுவதே. ஆனால் அவற்றின் கழிவுநீர் தூய்மை செய்யப்படாமல் ஆற்றிற் கலப்பின் என்னாகும்? உப்பிற்குப் பழக இவ்வுயிர்களுக்கு நெடுங்காலம் கிடைத்தது. நேற்றுத் தோன்றிய நஞ்சிற்குப் பழக அவற்றிற்குக் காலம் ஏது?

மாறுவதற்கு மீனுக்குப் பல தலைமுறைகள் வேண்டும். மனிதனோ அறிவினால் தன் செயலை இன்றே மாற்றிக்கொள்ள வல்லவன். ஆதலின், ஆற்றைக் காக்கும் கடமை அவனுடையதே ஆகும்.