எந்தக் கரைக்கு எந்தப் படகு?

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரங்கள் காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியாகும். இங்கே பெரும்பாலான நிலங்களில் சம்பா ஒரு போகம்தான். தை மாதம் கதிர் அறுத்து, நெல் தரிசில் தெளித்த உளுந்தும் பச்சைப்பயறும் பங்குனியில் வீடு வந்து சேர்ந்துவிட்டால், ஆடி ஆவணியில் வாய்க்காலில் தண்ணீர் வரும்வரை நிலத்தில் வேலை கிடையாது. வெள்ளாறு, உப்பனாறு, கொள்ளிடம் இவற்றின் கழிமுகத்தை ஒட்டிய ஊர்களில் இந்த மாதங்களில் மீன், இறால், நண்டு பிடித்துச் சிறு வருமானம் தேடிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு.

இப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஒரு படகு, ஒரு ஜோடி ஏர்மாட்டுக்குச் சமம். ஆனால் மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து விலை பேசும் விவசாயி, படகு வாங்கும்போது மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியதையே வாங்கிவிடுவதைக் காணலாம். ஓரேக்கர் நிலத்தை அடகு வைத்து 28 அடி பைபர் படகும் என்ஜினும் வாங்கியபின், அதைத் தள்ள ஆள் இல்லாமல் கரையில் கிடத்தி வட்டி கட்டுவதைவிட, 16 அடித் தோணியை வைத்துக்கொண்டு கடன் இல்லாமல் இருப்பது மேல்.

முதலில் கரையைப் பார்க்க வேண்டும்

படகின் நீளத்தையும் விலையையும் விசாரிப்பதற்கு முன், அது எந்த நீரில் மிதக்கப் போகிறது, இரவில் எங்கே நிற்கப் போகிறது, அதை யார் இழுக்கப் போகிறார்கள் என்ற மூன்றையும் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள பிச்சாவரம், கிள்ளைப் பகுதியின் கழிவெளியில் நீர் ஆழம் குறைவு. சுரபுன்னை, கண்டல் மரங்களின் வேர்களுக்கு இடையே கால்வாய்கள் குறுகி வளைந்து செல்லும். ஓதம் வற்றும்போது முழங்கால் அளவு நீரும் சேறுமே மிஞ்சும். இங்கு மடவை, கொடுவா, இறால், சேற்று நண்டு பிடிப்பவருக்கு 14 முதல் 18 அடி நீளமுள்ள, அடிப்பாகம் தட்டையான சிறு படகே போதுமானது. ஒருவர் துடுப்புப் போட, ஒருவர் வலை விட முடியும். இழுவைச் செலவும் எண்ணெய்ச் செலவும் இல்லை. என்ஜின் வைத்தால் சுழல்விசிறி சேற்றிலும் வேரிலும் அடிபடுவதுதான் மிச்சம். மேலும் பிச்சாவரம் காப்புக்காடு ஆதலால் வனத்துறையின் விதிகளையும் கேட்டறிந்துகொள்ள வேண்டும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இக்காட்டில் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகும் அபாயம் உள்ளது. படகு தள்ளும் கழிக்கு மூங்கிலைத்தான் நாட வேண்டும்.

முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குச் செல்ல விரும்புபவர் நிலை வேறு. பரங்கிப்பேட்டையிலும் கொள்ளிட முகத்திலும் ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் திட்டு விழும். வெள்ளம் வரும்போது வாய் அகலும். கோடையில் தூர்ந்து குறுகும். ஆற்றுக்குள் அமைதியாக இருந்த நீர் அந்தத் திட்டின் மேல் அலையாக உடையும். ஆகவே இவர்களுக்குத் தேவை, அடியில் அதிகம் ஆழாத, ஆனால் அணியம் என்னும் முன்பகுதி நன்கு உயர்ந்த படகு. அணியம் தாழ்ந்த கழிவெளித் தோணியை முகத்துவாரத்துக்குக் கொண்டு செல்வது உயிருக்கே ஆபத்தானது. தோணி இருக்கிறதே என்று ஒருநாள் கடலுக்கும் போய் வரலாம் என எண்ணுவது சரியல்ல.

சித்திரைப்பேட்டை போன்ற திறந்த கடற்கரையில் அலையடித்துக் கரையேற வேண்டியிருக்கும். முன்பு இந்த வேலையைக் கட்டுமரம் செய்தது. கட்டைகளே மிதப்பதால் அது முழுகாது. நீர் புகுந்தாலும் இடுக்கு வழியே வழிந்துவிடும். ஒவ்வொரு முறையும் கட்டவிழ்த்து மணலில் உலர வைக்கலாம். இன்று அந்த இடத்தைப் பெருமளவு பைபர் படகுகள் பிடித்துவிட்டன. பைபர் படகு வேகமாகச் செல்லும், மீனும் அதிகம் ஏற்றும். ஆனால் 28 அடிப் படகை வெறுங்கையால் மணலில் ஏற்ற ஏழெட்டுப் பேராவது வேண்டும், அல்லது டிராக்டருக்கு வாடகை கொடுக்க வேண்டும். கடலுக்குள் செல்லவும் நான்கு பேர் தேவை. கூட்டாளிகள் முன்கூட்டியே உறுதியாகாமல் இத்தகைய படகில் பணம் போடக்கூடாது.

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகள் சிறு விவசாயியின் சக்திக்கு அப்பாற்பட்டவை. அவற்றைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். நிலத்தில் வேலை இல்லாத மாதங்களில் பாதி இதில் போய்விடுகிறது. துடுப்பால் செலுத்தும் நாட்டுப் படகுகளுக்கு இத்தடை கிடையாது. விசைப்படகுகள் நிற்கும் அந்நாட்களில் மீனுக்கு விலையும் ஏறுகிறது. என்ஜின் பொருத்திய படகு வைத்திருப்பவர், அந்தந்த ஆண்டின் உத்தரவை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பழைய பைபர் படகு வாங்குவோர் கவனத்துக்கு

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி வந்த ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டக் கரையோரம் படகுகளை இழந்து நின்றது. அதன்பின் உதவி நிறுவனங்கள் பலவும் பைபர் படகுகளை வழங்கின. தேவை திடீரென்று பெருகியதால் புதிது புதிதாகப் படகுப் பட்டறைகள் முளைத்தன. நல்ல படகுகளும் வந்தன. கண்ணாடி இழை குறைவாகப் போட்டு, மிதவை நுரையும் வைக்காமல் அவசரத்தில் வார்க்கப்பட்டவையும் வந்தன. இரண்டும் வெளியே ஒரே வர்ணம்தான். பழைய படகு விலைக்கு வரும்போது சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

சோதனைக்குப் பெரிய கருவிகள் வேண்டாம். ஒரு நாணயம் அல்லது சிறு மரச்சுத்தியால் படகின் அடியிலும் பக்கத்திலும் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த இடம் பொத்தென்று ஒலிக்கும். உட்புறம் வர்ணம் பூசாத படகானால், உச்சி வெயிலில் உள்ளே நின்று பார்த்தால் மெலிந்த இடம் வெளிச்சமாகவும், காற்றுக் குமிழி உள்ள இடம் வெண்புள்ளியாகவும் தெரியும். 450 கிராம் இழைப்பாய் ஓர் அடுக்குக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். ஆகவே எத்தனை அடுக்கு என்று விற்பவர் சொல்வதைத் துளையுள்ள இடத்தில் கனத்தை அளந்து சரிபார்த்துவிடலாம். அமரம் என்னும் பின்பகுதியில் என்ஜின் தொங்கும் பலகையை நன்றாக ஆட்டிப் பார்க்க வேண்டும். பைபருக்குள் வைத்த மரம் மக்கியிருந்தால் அது வெளியே தெரியாது. திருகாணியைக் கழற்றினால் துளையிலிருந்து கறுப்பு நீர் வடியும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மிதவைச் சோதனை. இடுப்பளவு நீரில் படகை நிறுத்தி, விளிம்புவரை நீரை நிரப்பிப் பார்க்க வேண்டும். என்ஜினின் எடைக்கு ஈடாக மணல் மூட்டையும் வைக்க வேண்டும். நீர் நிரம்பியும் மிதக்கும் படகைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் உதவி வரும்வரை உயிர் பிழைக்கலாம். மூழ்கும் படகை எந்த விலைக்கும் வாங்கக்கூடாது. வாங்கிவிட்டவர்கள் நுரை வைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் நுரை ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். பைபர் நீருக்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கே கனக்கும். உதாரணமாக 600 கிலோ படகுக்கு 200 லிட்டர், 100 கிலோ என்ஜினுக்கு இன்னொரு 90 லிட்டர், ஆட்கள் பிடித்துத் தொங்குவதற்கு மேலும் கொஞ்சம் என்று கணக்கிட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தெர்மாகோலை வைத்து அதன்மேல் ரெசின் பூசினால் தெர்மாகோல் கரைந்துபோகும். பாலியூரிதேன் நுரைதான் ஏற்றது.

பதிவுச் சான்று யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெயர் மாற்றாத படகுக்கு வரி விலக்கு டீசலோ புயல் நிவாரணமோ கேட்டுப் பெற முடியாது.

என்ஜினும் எண்ணெய்க் கணக்கும்

மண்ணெண்ணெயில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் வெளிப்பொருத்து என்ஜின் விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் முழு வேகத்தில் ஒரு குதிரைத் திறனுக்கு மணிக்கு அரை லிட்டர் வரை குடிக்கும். நீண்ட தண்டுடன் கூடிய காற்றுக் குளிர்ப்பு டீசல் என்ஜின் அதில் பாதிதான் குடிக்கும். 10 குதிரைத் திறன் என்ஜினை நாளுக்கு மூன்று மணி நேரம் ஓட்டினால் ஒன்றில் 15 லிட்டர், மற்றதில் ஏழரை லிட்டர். இதை அன்றைய விலையால் பெருக்கி, மாதத்துக்கு 20 நாளாகக் கணக்கிட்டால் எது மலிவு என்பது தெரிந்துவிடும். மாதத்தில் நான்கைந்து நாள் மட்டும் போகிறவருக்கு விலை குறைந்த என்ஜினே லாபமாக அமைவதும் உண்டு.

எந்த என்ஜினாயினும் முழு வேகத்தில் ஓட்டுவது நஷ்டம். சுழற்சியைப் பத்தில் இரண்டு பங்கு குறைத்தால் மணிக்கு எரியும் எண்ணெய் ஏறக்குறைய பாதியாகும். கரை சேர்வது மட்டும் சிறிது தாமதமாகும். அடியில் கொட்டலசு ஒட்டிய படகும், இதழ் மடங்கிய சுழல்விசிறியும் எண்ணெயை வீணாக்கும்.

நீரால் குளிரும் வெளிப்பொருத்து என்ஜினைக் கரைக்கு வந்ததும் நல்ல நீரில் சற்று நேரம் ஓட்டி உப்பைக் கழுவ வேண்டும். காற்றுக் குளிர்ப்பு என்ஜினின் தகடுகளுக்கு இடையே உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் அடையாமல் துடைக்க வேண்டும். கியர் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள்; அன்றே சீல் மாற்றாவிட்டால் பல்சக்கரம் போய்விடும். துருவைத் தான் ஏற்றுக்கொள்வதற்காக என்ஜினில் பொருத்தியுள்ள துத்தநாகக் கட்டியின் மேல் அழகுக்காக வர்ணம் பூசிவிடுகிறார்கள். பூசினால் அது வேலை செய்யாது. பாதி தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும்.

மரத் தோணிக்குப் பக்குவம்

மரப் படகின் எதிரி கப்பல்புழு. ஊசி முனை அளவு துளை வழியே நுழைந்து, உள்ளே பலகையைத் தின்று கூடாக்கிவிடும். ஆனால் இப்புழு உப்பு நீரில்தான் வாழும். தோணியை மாதம் ஒருமுறை கரையேற்றிச் சில நாட்கள் நன்கு உலரவிட்டால் புழு மடியும். ஐப்பசி கார்த்திகையில் ஆற்றில் நல்ல நீர் இறங்கும்போது அதில் நிறுத்தி வைப்பதும் பயன் தரும். உலர்ந்த பலகைக்குப் புன்னை எண்ணெய் தடவுவது நம் முன்னோர் கண்ட முறை.

பலகை இடுக்கில் நீர் கசிந்தால் உடனே கலப்பத்துப் பார்க்க வேண்டும். பழைய நூலைச் சுரண்டி எடுத்து, பருத்தி நூலைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தால் பூசிவிட வேண்டும். பழைய நூலின் மேலேயே தாரை அப்புவது ஒரு மாதம்கூட நிற்காது. இரும்பாணி துருப்பிடித்துப் பலகையையும் அரிக்கும் என்பதால், செம்பாணி அல்லது நாகமுலாம் பூசிய ஆணி அடிக்க வேண்டும்.

பைபரை ஒட்டும் முறை

பைபர் படகில் விரிசல் கண்டதும் மேலே பசை தடவி விட்டுவிடுவதே வழக்கமாக இருக்கிறது. நீர் உள்ளிருக்க, மேலே மட்டும் மூடியதால் அடுக்கு பிரிந்துகொண்டே போகும். விரிசலைச் சுற்றிக் கெட்டியான பகுதி வரும்வரை தேய்த்து எடுத்து, நல்ல நீரில் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்த வேண்டும். ஓரத்தைக் கனத்தைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். அதாவது 6 மில்லிமீட்டர் கனமுள்ள படகுக்குச் சுற்றிலும் 7 சென்டிமீட்டர் சரிவு. அதன்மேல் இழைப்பாயை அடுக்கடுக்காக வைத்து, காற்றுக் குமிழி நிற்காதபடி உருளையால் அழுத்த வேண்டும். சித்திரை முதல் ஆனி வரையே இதற்கு உகந்த காலம். மழை ஈரத்தில் ஒட்டியது பிடிக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரெசினோடு சேர்க்கும் கோபால்ட் திரவத்தையும் கெட்டிப்படுத்தும் திரவத்தையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக்கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். கெட்டிப்படுத்தும் திரவம் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகக்கூடும். கண்ணாடி அணிந்துகொண்டு, குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டு வேலை செய்ய வேண்டும்.

ரெசின், என்ஜின் பழுது, வலை போன்ற நடைமுறைச் செலவுகளுக்கு வட்டிக்கடையை நாட வேண்டியதில்லை. 2018-19 முதல் கிசான் கடன் அட்டை மீன்பிடிப்போருக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. பயிர்க்கடன் வாங்கும் வங்கியிலேயே விசாரிக்கலாம்.

மழைக்காலம் தொடங்குமுன்

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. முந்திரியையும் பலாவையும் சாய்த்த அந்தக் காற்றில் கரையில் கிடந்த படகுகளும் ஒன்றோடொன்று மோதிச் சிதைந்தன. எச்சரிக்கைக் கொடி ஏறியதும் என்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். படகை அலை எட்டாத மேட்டுக்கு ஏற்றி, கல்லின்மேல் அன்றி மணலின்மேலோ மரக்கட்டைமேலோ வைக்க வேண்டும். பக்கத்துப் படகுக்கும் இதற்கும் இடையே ஆள் நடக்கும் இடைவெளி விட்டு, அணியம், அமரம் இரண்டையும் ஆழப் புதைத்த கட்டையில் கட்ட வேண்டும். சிறு தோணியானால் கவிழ்த்துக் கட்டிவிடலாம். பெரிய படகின் அடித்துளை அடைப்பானைக் கழற்றிவிட வேண்டும். மறந்தால் ஒரே இரவு மழையில் படகு நிரம்பி, அந்த எடையிலேயே ஏரா என்னும் அடிக்கட்டை விரிசல் விடும். கழற்றிய அடைப்பானை என்ஜினோடு சேர்த்துக் கட்டி வைத்தால், மறுபடி படகை இறக்கும் நாளில் தேட வேண்டியிராது.