வாடகை வருமானத்தை நம்பி ஃபிளாட் வாங்கலாமா?

கேள்வி: மாதச் சம்பளம் 70,000 ரூபாய். கார் கடனுக்கு 9,000 கட்டுகிறேன். கோவையில் 50 லட்சத்துக்குப் பழைய ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட நினைக்கிறேன். வங்கிக் கடன் கிடைக்குமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கிடைக்கும், நீங்கள் நினைக்கும் அளவு கிடைக்காது. இந்த விலைக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி 80%, அதாவது 40 லட்சம்தான் உச்சவரம்பு. ஆனால் எல்லாத் தவணைகளும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றே பெரும்பாலான வங்கிகள் பார்க்கும். கார் போக மிஞ்சுவது 26,000. 8.5% வட்டி, 20 வருடம் என்றால் சுமார் 30 லட்சம்தான் தேறும். கார் கடனை அடைத்துவிட்டுப் போனால் 40 லட்சம் கேட்கலாம். சிபில் மதிப்பெண் 750-க்கு மேல் இருக்கட்டும்.

முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் சேர்த்து 9%. அதற்கும் கைக்காசுதான்.

சரி, 40 லட்சமே கிடைத்தாலும் தவணை 34,700 வரும். வாடகை 15,000 வந்தால் பெரிது (புரோக்கர் 20,000 என்பார், அது அவர் தொழில்). ஆள் மாறும் மாதங்களில் அதுவும் வராது. மாதாமாதம் 20,000 ரூபாயைக் கையிலிருந்து போட முடிந்தால் மட்டும் இறங்குங்கள். இல்லையேல் இப்போது வேண்டாம்.