தோட்டத்திற்கு வந்து போகும் உயிர்கள்: முந்திரி, கடலை விவசாயிகள் கவனிக்க

நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில் குடியிருப்போர் வீட்டைச் சுற்றி மா, பலா, கொய்யா, வேம்பு, முருங்கை வளர்த்து வருகின்றனர். நகரியத்தைத் தாண்டினால் செம்மண் மேட்டில் முந்திரிக் கொல்லையும் கடலைக் கொல்லையும் தொடங்கிவிடுகின்றன. இடையில் உள்ள வேலி ஆடு மாட்டிற்குத்தான்; பூச்சிக்கும் பறவைக்கும் அல்ல. ஆகவே வீட்டுத் தோட்டத்தை ஆண்டு முழுவதும் கவனித்து வருபவருக்கு, கொல்லையில் வரப்போவது சில நாட்கள் முன்னதாகவே தெரிந்துவிடும்.

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்று போதும். காலையில் வெயில் ஏறுமுன் ஒரே இடத்தில் கால் மணி நேரம் நின்று, கண்டதைத் தேதியோடு எழுதி வர வேண்டும். மழை பெய்த நாளையும் குறித்தல் அவசியம். மழைத் தேதி இல்லாத குறிப்பால் பாதிப் பயன்தான்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது தேரைகளும் தவளைகளும் வெளிவருகின்றன. வடக்கிலிருந்து வாலாட்டிக் குருவியும், மாலை மங்கும் நேரத்தில் இருமுறை சீழ்க்கையடிக்கும் ஆறுமணிக் குருவியும் வந்து சேர்கின்றன. இவை வந்தவுடன் முந்திரித் துளிரைப் பார்க்கத் தொடங்கலாம். மழைக்குப் பிறகு விடும் இளந்துளிரைத் தேடித்தான் தேயிலைக் கொசு வருகிறது.

பெயர் கொசு என்றாலும் இது சாறு உறிஞ்சும் நாவாய்ப் பூச்சி இனம். செம்பழுப்பு உடல், நீண்ட உணர்கொம்பு, முதுகில் குண்டூசி குத்தி வைத்தாற்போல் ஒரு முள். துளிர், பூங்கொத்து, பிஞ்சு மூன்றிலும் குத்திச் சாற்றை உறிஞ்சும். குத்திய இடம் கருத்துப் பூங்கொத்தே காய்ந்துவிடும். வேம்பும் கொய்யாவும்கூட இதற்கு உணவு என்பதைப் பலர் அறிவதில்லை. மார்கழி, தை மாதங்களில் தெருவோர வேம்பின் நுனித் துளிர் கருகினால், பனி என்றும் கரித்தூசி என்றும் சொல்லி விட்டுவிடுகிறோம். கருகலுக்கு ஒருவகைப் பூசணமும் காரணமாகலாம். ஆயினும் அந்தத் துளிரை ஒடித்துப் பார்ப்பது நல்லது. குத்திய புள்ளிகள் தென்பட்டால் மறுநாளே முந்திரிக் கொல்லையைச் சுற்றி வர வேண்டும். ஐயம் இருப்பின் துளிரை ஒரு பையிலிட்டு விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் காட்டலாம்.

மருந்து தெளிக்கும் முன் மரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியுள்ளதா என்றும் பார்க்கவும். இலைகளைச் சேர்த்துப் பின்னிக் கூடு கட்டும் இந்தச் செவ்வெறும்பு தேயிலைக் கொசுவை அண்டவிடாது. ஆஸ்திரேலியாவின் வடபகுதி முந்திரித் தோட்டங்களில் இதனை ஆராய்ந்து பயன் கண்டுள்ளனர். சீனத்தில் எலுமிச்சை இன மரங்களுக்குக் காவலாக சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பே முசுறுக் கூடுகளை விலைக்கு வாங்கிக் கட்டினார்கள். முந்திரி பொறுக்குபவர்களைக் கடிக்கும், மாவுப்பூச்சியை வளரவிடும் என்ற குறைகள் உண்மையே. இருந்தாலும் எல்லாக் கூட்டையும் கொளுத்துவது நமக்கே நட்டம். கேரளத்தின் காசர்கோட்டில் வானிலிருந்து எண்டோசல்பான் தெளித்தது இந்தக் கொசுவிற்காகத்தான். அங்கு மக்கள் பட்ட பாட்டை நாடறியும். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தைத் தடை செய்தது.

பூக்கும் காலத்தில் மருந்து அடித்தே ஆக வேண்டுமெனில், தேனீக்கள் ஓய்ந்த மாலை வேளையில் அடிக்கவும். கொசுவும் காலை மாலைகளில்தான் சுறுசுறுப்பாக இருக்கும்.

மாசி, பங்குனியில் குயில் கூவுகிறது. முந்திரிப் பழத்திற்கு வௌவால் வருகிறது. வௌவால் பழத்தைத் தின்று கொட்டையை வேறிடத்தில் போட்டுவிடும். மரத்தடிகளில் தேடினால் கிடைக்கும்.

கடலை பயிரிடுவோர்க்கு முக்கிய காலம் சித்திரை முதல் ஆடி வரை. சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழு, சென்ற ஆண்டிலிருந்தே வரப்போரத்திலும் மர நிழலிலும் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கிறது. கோடை உழவின்போது கலப்பையின் பின்னே உண்ணிக்கொக்கும் மைனாவும் காக்கையும் கூடி எதையோ பொறுக்கினால், நின்று அந்த மண்ணைக் கிளறிப் பாருங்கள். பழுப்பு நிறக் கூட்டுப்புழு கிடைத்தால், உழவு எட்டாத வரப்போரத்தை மண்வெட்டியால் கொத்திவிட வேண்டும். மீதியைப் பறவையும் வெயிலும் பார்த்துக்கொள்ளும்.

பலத்த மழை பெய்த ஓரிரு நாளில் அந்துப்பூச்சி வெளிவரும். அதை அறிய நகரியத்துத் தெருவிளக்கே போதும். இரவில் விளக்கடியில் வெள்ளைச் சிறகுப் பூச்சிகளும் அவற்றைத் தின்னக் கூடிய தேரைகளும் இருந்தால் முட்டையிடும் காலம் வந்துவிட்டது என்று பொருள். கொல்லையில் விளக்கு வைத்து, அடியில் மண்ணெண்ணெய் கலந்த நீர்த்தட்டு வைக்கலாம். மூன்று நான்கு நாட்களில் இலையின் அடியில் முட்டைக் குவியலும், கூட்டமாக இருந்து பச்சையைச் சுரண்டும் இளம் புழுக்களும் தென்படும். இந்த இலைகளைக் கிள்ளி அழிக்கும் வாய்ப்பு ஒரு வாரத்திற்குத்தான். ரோமம் அடர்ந்த பெரிய புழுவைப் பெரும்பாலான பறவைகள் தொடுவதில்லை. குயில் இனம் மட்டுமே தயங்காமல் தின்னும். மருந்துக்கும் அது எளிதில் அடங்காது. ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. பக்கத்துக் கொல்லையிலிருந்து புழு படையெடுத்து வரும். எனவே ஊர் சேர்ந்து ஒரே வாரத்தில் செய்வது அவசியம்.

இன்னொன்று. 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலில் இப்பகுதியின் வயதான முந்திரியும் பலாவும் பெருமளவில் சாய்ந்தன. பிறகு நட்ட மரங்களில் பொந்து விழப் பல ஆண்டுகள் ஆகும். எலி பிடிக்கும் கூகைக்கும், பூச்சி தின்னும் மைனாவிற்கும் பனங்காடைக்கும் குஞ்சு பொரிக்கப் பொந்து வேண்டும். வரப்பில் தலை போன மொட்டைப் பனை நின்றால் வெட்டாமல் விடவும். விறகாக விற்றாலும் அதற்குக் கிடைக்கும் விலை சொற்பமே.