கம்பளிக் கோட்டும் தொழுகையும்

கடுங்குளிரில் கம்பளி உடுத்தலாமா என்று எவரும் கேட்பதில்லை. கால்நடைகளில் நமக்குக் குளிர் காக்கும் பொருளிருப்பதை அல்லாஹுத் தஆலா தன் அருட்கொடைகளில் ஒன்றாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் கூறுகிறான். அந்தக் கனத்த கோட்டோடு உளூவும் தொழுகையும் எப்படி என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். வேலைக்கும் படிப்புக்கும் குளிர் நாடுகளுக்குச் செல்லும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டல்லவா?

காஷ்மீர் முஸ்லிம்களைப் பாருங்கள். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள்கள் அங்கே கொடிய குளிர். முழங்காலுக்குக் கீழே தொங்கும் 'பிரன்' என்னும் கம்பளி அங்கிக்குள் 'காங்கிரி' என்ற கணப்புச் சட்டியை வைத்துக் கொள்வார்கள். பல பள்ளிவாசல்களில் ஹம்மாம் உண்டு. அடியில் விறகெரிய, மேலே கல் பாவிய தரை சூடேறும். உளூவுக்கு வெந்நீரும் அங்கேயே கிடைக்கும். பிரனின் கை அகலமானது; முழங்கைக்கு மேல் எளிதாக ஏறிவிடும். நம் பிள்ளைகள் அணியும் ஓவர்கோட்டின் கையோ இறுக்கமானது. சிலர் மணிக்கட்டுவரை கழுவிவிட்டு, மீதியைக் கோட்டின் மேலேயே தடவி முடித்து விடுகிறார்கள். அந்த உளூ கூடாது. உளூ இல்லாத தொழுகையும் கூடாது.

இதற்கு நபிவழியில் தெளிவு உண்டு. ஹிஜ்ரி 9-ல் தபூக் பயணத்தின்போது நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் நாட்டுக் கம்பளி ஜுப்பா ஒன்றை அணிந்திருந்தார்கள். முகீரா (ரலி) அவர்கள் தண்ணீர் ஊற்ற, முகம் கழுவிய பின் கைகளை வெளியே எடுக்கப் பார்த்தார்கள். ஜுப்பாவின் கை குறுகலாக இருந்தது. உடனே ஜுப்பாவுக்குள்ளிருந்து கீழ்ப்புறமாகக் கைகளை வெளியே எடுத்துக் கழுவினார்கள். (ஷாம் அன்று ரோமர்களின் ஆட்சியிலிருந்தது. அந்நிய நாட்டு உடை என்பதற்காகவே ஓவர்கோட்டைக் குறை கூறுவோர் இதைக் கவனிக்கட்டும்.) பின்பு தலைக்கு மஸஹு செய்தார்கள். காலில் இருந்த தோல் மோஜாக்களைக் கழற்ற முகீரா (ரலி) குனிந்தபோது தடுத்து, சுத்தமான நிலையில் அணிந்தவையென்று கூறி, அவற்றின் மேலேயே மஸஹு செய்தார்கள். ஆக, சலுகை மோஜாவுக்குத்தான். உள்ளூரில் ஒரு பகல் ஓரிரவு, பயணத்தில் மூன்று பகல் மூன்றிரவு. சட்டைக் கைக்கு அச்சலுகை இல்லை.

குளித்தால் உயிருக்கே ஆபத்து என்ற நிலை வேறு. ஹிஜ்ரி 8-ல் தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பில், குளிப்புக் கடமையான அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) குளிரஞ்சித் தயம்மும் செய்து ஸுப்ஹு தொழ வைத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் விசாரித்துவிட்டுச் சிரித்தார்கள், வேறெதுவும் சொல்லவில்லை. ஆனால் வெந்நீர் போட வசதியிருந்தும் தயம்மும் செய்வதற்கு இது ஆதாரமாகாது. ஷாஃபிஈ மத்ஹபில், குளிருக்காகத் தயம்மும் செய்து தொழுததைப் பின்பு மீட்டித் தொழவும் வேண்டும்.

தொழுகையில் நிற்கும்போது கோட்டின் கைகளில் கைகளை நுழைத்துக் கொள்க. நுழைக்காமல் தோளில் தொங்கவிட்டுத் தொழுவதை ஹனஃபி நூல்கள் மக்ரூஹ் என்கின்றன. காதையும் நெற்றியையும் மூடும் கம்பளித் தொப்பி அணிந்தவர் ஷாஃபிஈ ஆனால், ஸுஜூதுக்கு முன் அதைச் சற்று மேலே தள்ளி, நெற்றியில் கொஞ்சமாவது தொழும் இடத்தில் படச் செய்ய வேண்டும். இல்லையேல் ஸுஜூது கூடாது. ஹனஃபி மத்ஹபில் ஸுஜூது கூடிவிடும். கடுங்குளிர் போன்ற காரணமிருந்தால் மக்ரூஹும் இல்லை.