சிறுநீரகச் செயலிழப்பும் நினைவாற்றலும்

மனிதனின் சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து சுமார் 300 கிராம் எடையே உள்ளவை. ஆயினும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றின் வழியே ஓடுகிறது. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளையும் தன் எடைக்கு மிஞ்சிய இரத்தத்தைப் பெறுகிறது. இவ்விரு உறுப்புகளின் நுண்ணிய இரத்தக் குழாய்களும் இடையறாத ஓட்டத்தைத் தாங்குபவை. எனவே நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரகத்தைத் தாக்கும்போது, மூளையும் அத்தாக்குதலுக்கு உள்ளாகிறது.

மூளை பாதிக்கப்படும் வழிகள்

நல்ல நிலையிலுள்ள சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. இத்திறன் நிமிடத்திற்கு 60 மில்லி லிட்டருக்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய் எனப்படும். 15க்கும் கீழே இறங்கினால் செயலிழப்பு எனப்படும்.

அந்நிலையில் வெளியேற வேண்டிய கழிவுப் பொருள்கள் இரத்தத்தில் தேங்குகின்றன. அவற்றுட் சில நரம்பணுக்களுக்கு ஊறு விளைப்பவை. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாயிட்டின் என்னும் இயக்குநீர் குறைவதால் இரத்தசோகை உண்டாகி, மூளைக்குச் செல்லும் பிராணவாயு குறைகிறது. டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்பு உயிரைக் காக்கிறது. ஆனால் உடலின் மிகை நீரைச் சில மணி நேரத்திற்குள் வெளியேற்றும்போது, மூளையின் இரத்த ஓட்டம் தற்காலிகமாகக் குறைவதும் உண்டு.

இவற்றின் விளைவாகக் கவனம், சிந்தனையின் வேகம், திட்டமிடும் திறன் ஆகியவை தளர்கின்றன, நினைவாற்றலும் குன்றுகிறது. அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், 55 வயதும் அதற்கு மேலும் ஆன 338 டயாலிசிஸ் நோயாளிகள் சோதிக்கப்பட்டனர். அவர்களில் 37 விழுக்காட்டினரிடம் அறிவாற்றல் குறைபாடு கடுமையாக இருந்தது. மருத்துவப் பதிவேட்டில் இக்குறை குறிக்கப்பட்டிருந்தவர்களோ 3 விழுக்காட்டிற்கும் குறைவு.

அலுமினியம் தந்த பாடம்

1972ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆல்ஃப்ரே என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும், டயாலிசிஸ் நோயாளிகளிடையே ஒரு விந்தையான நோயை விவரித்தனர். முதலில் பேச்சு தடுமாறியது. பின்னர் தசைத் துடிப்பு, வலிப்பு, அறிவு மழுக்கம் ஆகியவை தோன்றி, இறுதியில் மரணம் நேர்ந்தது. மூளைத் திசுவில் மிகுந்திருந்த அலுமினியமே காரணமாகலாம் என்று 1976இல் அக்குழுவினர் எடுத்துரைத்தனர். படிகாரம் இட்டுத் தெளிவித்த குழாய் நீர், பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்த வழங்கப்பட்ட அலுமினிய மருந்துகள் ஆகிய இரு வழிகளில் அது உடலில் சேர்ந்தது.

ஒரு முறை டயாலிசிஸ் செய்வதற்கு, நான்கு மணி நேரத்தில் சுமார் 120 லிட்டர் நீர் நோயாளியின் இரத்தத்திற்கு மெல்லிய சவ்வொன்றின் மறுபுறம் ஓடுகிறது. குடிப்பதற்கு ஏற்ற நீர் இதற்குப் போதாது. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீர் தூய்மை செய்யப்பட்டு, அலுமினிய மருந்துகளும் குறைக்கப்பட்ட பின்னர் இந்நோய் அரிதாயிற்று.

செய்ய வேண்டியவை

இந்தியாவில் 2016இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி தேசிய டயாலிசிஸ் திட்டம், மாவட்ட மருத்துவமனைகளின் வாயிலாக ஏழை மக்களுக்கு இச்சிகிச்சையை இலவசமாக அளிக்கிறது. இயந்திரங்களின் எண்ணிக்கையைப் போன்றே நீரின் தரத்தை முறையாகச் சோதிப்பதும் இன்றியமையாதது.

டயாலிசிஸ் நோயாளி பொதுவாக வாரம் மும்முறை சிகிச்சைக்கு வர வேண்டும். நீரையும் உப்பையும் அளந்து உட்கொள்ள வேண்டும். பல மருந்துகளை வேளை தவறாமல் உண்ண வேண்டும். நினைவு குன்றியவருக்கு இவை எளியன அல்ல. அவர் தவறும்போது, கட்டுப்பாடு அற்றவர் என்று கடிந்துகொள்வதால் பயனில்லை. அறிவுரைகளை எழுதித் தருதல், குடும்பத்தார் ஒருவரை உடன் வைத்து விளக்குதல், நினைவாற்றலை அவ்வப்போது சோதித்தல் ஆகியவை மிகுந்த செலவின்றிச் செய்யக்கூடியவை. இரத்தசோகையும் இரத்த அழுத்தமும் கவனிக்கப்பட வேண்டும். சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் பலரிடம் அறிவாற்றல் ஓரளவு மேம்படுவதால், இக்குறை முழுவதும் மீளாத ஒன்று எனக் கருத வேண்டியதில்லை.

நோயாளியின் மறதியையும் நோயின் ஓர் அறிகுறியாகப் பதிவேட்டில் குறிக்கும் வழக்கம் ஏற்பட்டால், சிகிச்சையின் பயன் மேலும் பெருகும்.